மேற்கோளுக்கு அடுத்த வரி

பொதுத் தேர்வு நெருங்கும் நாட்களில், திருச்சியின் கிழக்குப் பக்கம் அரியமங்கலத்தில், தஞ்சாவூர் சாலையை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் ஒரு வகைத் தாள் கைமாறத் தொடங்கும். டியூஷன் எடுப்பவர் யாராவது கையால் எழுதிக் கொடுத்ததாக இருக்கும். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தே மங்கிப் போயிருக்கும். கல்வி, நட்பு, நாட்டுப்பற்று, இயற்கை, தமிழ் என்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து குறள், புறநானூற்றில் ஓரடி, பாரதியில் இரண்டு வரி, பாரதிதாசனில் இரண்டு வரி. எந்தக் கட்டுரை வந்தாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கூடவே செய்முறையும் சொல்லித் தரப்படும். மேற்கோளைக் கறுப்பு மையில் எழுது, பத்திக்கு நடுவே தனி வரியாக விடு, பக்கத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும்.

இந்த அறிவுரையைக் கேலி செய்வது சுலபம். ஆனால் தேர்வு எழுதும் பிள்ளையின் இடத்தில் நின்று பார்த்தால் அது நியாயமாகவே படும். மூன்று மணி நேரம், கையில் நூல் இல்லை, பல கேள்விகளை முடித்த பிறகுதான் 8 மதிப்பெண் நெடுவினாவுக்கு வந்து சேர முடிகிறது. திருத்தும் ஆசிரியர் முன்னால் விடைத்தாள் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. தனித்து நிற்கும் இரண்டு வரி அவர் கண்ணை ஒரு நொடி நிறுத்தும். படித்த பிள்ளை என்ற எண்ணம் பிறக்கும். மதிப்பெண்ணும் வரும்.

வரட்டும். ஆனால் அந்த இரண்டு வரி அந்த விடையில் என்ன வேலை செய்கிறது? இந்தக் கேள்வியைப் பள்ளியிலும் சரி, கல்லூரியிலும் சரி, நாம் போதிய அளவு கேட்டதில்லை.

மேற்கோள் காட்டுவது தமிழுக்குத் தேர்வு முறை வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம் இல்லை. இளம்பூரணர், பேராசிரியர், நச்சினார்க்கினியர், அடியார்க்கு நல்லார் என்று உரையாசிரியர்கள் எல்லோரும் சூத்திரத்துக்குச் சூத்திரம், அடிக்கு அடி பழைய பாட்டுகளை எடுத்துக்காட்டியவர்கள்தாம். மூலச் சுவடி அழிந்துபோன பிறகும் பல நூல்கள் துண்டு துண்டாகவாவது மிஞ்சியது அவர்கள் புண்ணியத்தால். வளையாபதி, குண்டலகேசி, தகடூர் யாத்திரை ஆகியவற்றிலிருந்து இன்று கிடைக்கும் பாட்டுகள் உரைகளிலும் புறத்திரட்டு போன்ற தொகுப்புகளிலும் எடுத்தாளப்பட்டதால் பிழைத்தவை. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்ற நூலை எழுத முடிந்ததற்கும் இதுவே அடிப்படை. மேற்கோள் காட்டியவர்கள் இல்லையென்றால் அந்த நூல்களின் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது.

திரிசிரபுரம் (திருச்சி) என்ற ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே அறியப்பட்டவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பட்ட பாட்டில் பெரும்பகுதி மேற்கோள்களால் வந்தது. நச்சினார்க்கினியர் உரையில் பழைய அடிகள் வரிசையாக வருகின்றன. அவை எந்த நூல் என்று பல இடங்களில் அவர் சொல்வதில்லை. அடியைப் பிடித்துக்கொண்டு மூலத்தைத் தேடிய அந்த உழைப்புதான் சாமிநாதையரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894 என்று பதிப்புகள் தொடர்ந்தன. ஒரு மேற்கோளை ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டதால் கிடைத்த பலன் இவ்வளவு.

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் இதே அக்கறையை வேறு வடிவில் பார்க்கலாம். திருவாய்மொழிக்கு நம்பிள்ளை அங்கே நிகழ்த்திய விளக்கங்களை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதி வைத்ததே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அதில் பிரமாணங்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. பல இடங்களில் முதல் சில சொற்கள் மட்டுமே வரும். கேட்டவர்களுக்கு மீதி மனப்பாடம். காலம் போகப் போக அந்த மீதி எல்லோருக்கும் தெரிந்ததாக இல்லாமல் போனது. மணவாள மாமுனிகள் உட்கார்ந்து ஈட்டுக்குப் பிரமாணத் திரட்டு தொகுத்தார். சொன்ன பிரமாணம் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும் என்ற பொறுப்புணர்வு அந்த வேலையில் தெரிகிறது. அதே மரபில் வந்த பெரியவாச்சான் பிள்ளை, ஆழ்வார்களின் சொற்களையே கோத்து இராம கதை முழுவதையும் ‘பாசுரப்படி இராமாயணம்’ என்று செய்தார். மேற்கோள்களாலேயே ஆன படைப்பு அது. தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படித்து வியக்க வேண்டியது. ஆனால் அங்கே அந்தச் சொற்கள் கதையை நடத்துகின்றன. எதையும் நிறுவுவதற்காக அவர் அவற்றைக் கொண்டுவரவில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தேர்வுக் கட்டுரையின் சிக்கல் விளங்கத் தொடங்கும்.

பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் உரையின் கூறுகளைப் பதினான்காக எண்ணுகிறார். அந்தப் பட்டியலில் உதாரணம் ஒன்று. ஆசிரிய வசனம் இன்னொன்று. இரண்டும் பிறர் சொல்லை எடுத்தாள்வதாகவே அமையலாம். ஆனால் தமிழ் இலக்கணம் இவற்றைத் தனித்தனியே வைத்தது. சொன்ன கருத்து நூலில் இப்படி நிகழ்கிறது, பார் என்று காட்டுவது உதாரணம். பெரியவர் ஒருவரும் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று துணைக்கு அழைப்பது ஆசிரிய வசனம். முன்னதைப் படிப்பவர் ஆராய்ந்து ஏற்கலாம், மறுக்கலாம். பின்னதற்கு முன்னால் அவர் தலை குனிய வேண்டும்.

நம் தேர்வுக் கட்டுரைகளில் நடக்கும் பிழை இங்கேதான் இருக்கிறது. கேள்வி உதாரணத்தைக் கேட்கிறது. விடை ஆசிரிய வசனத்தைத் தருகிறது.

அரியமங்கலத்துப் பிள்ளை ஒருவர் சுற்றுச்சூழல் பற்றிக் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மழையின் சிறப்பைச் சொல்லும் குறள் வரும். மழையைப் போற்றும் இளங்கோவடிகளின் மங்கல வாழ்த்து வரும். முடிவுரையில் பாரதி வருவார். வராதது அரியமங்கலம். மாநகராட்சி பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டிய, ஏறத்தாழ 47 ஏக்கர் கிடங்கு அந்தப் பிள்ளையின் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது. அது பலமுறை தீப்பிடித்து எரிந்து புகை பரவியது. பொலிவுறு நகரத் திட்டத்தில் குப்பையைக் கிளறிப் பிரித்து அகற்றும் வேலை தொடங்கியது. நாலு தெரு தள்ளி இருக்கும் இந்தச் சான்று கட்டுரைக்குள் வருவதில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய வாக்கு வருகிறது. குறள் வேண்டாம் என்பதில்லை. மழை பொய்த்தால் உலகம் என்னாகும் என்று வள்ளுவர் வைக்கும் வாதத்துக்குப் பக்கத்தில் குப்பை மேட்டின் புகையை வைத்துப் பார்க்கும் பிள்ளைக்குத்தான் அந்தக் குறளின் கூர்மை தெரியும். குறளை மட்டும் தனியே வைக்கும்போது கட்டுரைக்கு ஒரு கௌரவம் கிடைக்கிறது, சான்று கிடைப்பதில்லை.

இது பொதுக் கட்டுரை. இலக்கியத்தைப் பற்றியே கேட்கும் கேள்வியில் சேதம் இன்னும் அதிகம்.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். 192ஆம் பாட்டு, 13 அடி. அதன் முதல் அடியான ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ தமிழில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் அடிகளில் ஒன்று. உலக ஒருமைப்பாடு, மனித நேயம், சாதி மறுப்பு என்று எந்தத் தலைப்புக்கும் பொருந்தும். மற்ற 12 அடிகளை எழுதும் விடைத்தாள் அரிது. ஆனால் அந்தப் பாட்டின் வாதம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நன்மையும் தீமையும் பிறர் தந்து வருபவை அல்ல என்கிறார் புலவர். சாவு புதிதில்லை, வாழ்வு இனிது என்று துள்ளவும் வேண்டாம் என்கிறார். மலையாற்று வெள்ளத்தில் போகும் தெப்பத்தைப் போல உயிர் முறைவழியே போகிறது என்கிறார். அதனால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிட இல்லை என்று முடிக்கிறார். முதல் அடியை மட்டும் படித்தவருக்கு அது ஒரு நல்லெண்ண வாசகம். பதின்மூன்று அடியும் படித்தவருக்கு அது ஒரு கடினமான தத்துவத்தின் வாசல். எல்லோரும் ஒரே ஆற்றில் போகிற தெப்பங்கள் என்பதால்தானா எல்லோரும் உறவு? இந்தக் கேள்வியை எழுப்பி இரண்டு பத்தி எழுதும் மாணவரிடம் முதல் அடி உண்மையில் சான்றாகிறது.

காப்பியத்தில் இதே குறை வேறு விதமாக வெளிப்படும். பேசுவது யார் என்பதை மறந்துவிடுகிறோம். கும்பகருணனின் பண்பு நலன் பற்றிய கேள்வி தமிழ் இலக்கிய வகுப்புகளுக்குப் பழக்கமானது. கும்பகருணன் வதைப் படலத்தில், இராமன் பக்கம் வந்துவிடு என்று வீடணன் அழைக்கிறான். ஊட்டி வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்காக உயிரைக் கொடுக்காமல் வர மாட்டேன் என்று மறுக்கிறான் கும்பகருணன். உருக்கமான இந்த இடம்தான் எல்லா விடையிலும் மேற்கோளாக வருகிறது. அதை மட்டும் வைத்தால் அவன் கண்மூடித்தனமான விசுவாசி. ஆனால் யுத்த காண்டத்தின் தொடக்கத்தில், மந்திராலோசனையில், பிறன் மனைவியைச் சிறைவைத்த பழியை இராவணன் முகத்துக்கு நேரே சொன்னவனும் அவனே. அங்கிருந்து மட்டும் எடுத்தால் அவன் அறம் உரைத்த அமைச்சன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தவறு என்று தெரிந்தும் ஏன் போனான் என்று கேட்டால்தான் கம்பர் படைத்த மனிதன் தெரிவான். ஒரு மேற்கோள் அவனைப் பாதியாக்கிவிடும். இரண்டு மேற்கோள், அவற்றுக்கிடையே ஒரு கேள்வி என்று எழுதினால் அது திறனாய்வு.

பாத்திரம் பேசியதைக் கவிஞரின் கருத்தாக எழுதிவிடுவது இன்னொரு பிழை. ‘கம்பர் கூறுகிறார்’ என்று தொடங்கி கைகேயி பேசியதை எழுதிய விடைகளைத் திருத்தாத தமிழாசிரியர் இருக்க மாட்டார். வேறு எந்த மொழி மாணவருக்கு இந்தப் பிழையை மன்னித்தாலும் தமிழ் மாணவருக்கு மன்னிக்க முடியாது. ஏனென்றால் அகப்பாட்டுக்கு அடியில் இது தலைவி கூற்று, இது தோழி கூற்று, இன்னாருக்குச் சொன்னது, இன்ன சூழலில் சொன்னது என்று குறிப்பு எழுதி வைத்த மரபு நம்முடையது. குறுந்தொகையில் இரண்டு வரி எடுத்து அந்தக் குறிப்பை விட்டுவிட்டால், பொய் சொல்கிறவளின் சொல்லையும் உண்மையாக எழுதிவிட நேரும். தோழி தலைவனைக் கடிந்துகொள்ளும் பேச்சு, அவனைத் திருமணத்துக்கு நகர்த்தச் செய்த தந்திரமாக இருக்கலாம். சூழலைச் சொல்லாத மேற்கோள் அங்கே பொருளையே திருப்பிவிடும்.

பழைய பெரியோர்களுக்கும் இந்த விஷயத்தில் விலக்குக் கிடைக்கவில்லை. நச்சினார்க்கினியர் பாட்டின் சொற்களை இடம் பெயர்த்துக் கூட்டிப் பொருள் சொன்னதை மறைமலையடிகள் 1903இல் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் கண்டித்தார். சொல் நின்ற இடத்திலேயே அதன் பொருளைக் காண வேண்டும் என்பது அடிகளின் வாதம். உச்சிமேற் புலவர் என்று கொண்டாடப்பட்ட ஒருவரிடமே அப்படிக் கேட்க முடிந்த ஒரு மொழியில், பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘இந்த வரி எங்கே நிற்கிறது?’ என்று கேட்பது மிகையான எதிர்பார்ப்பு ஆகாது.

நீளத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. எட்டடி எழுதினால் அதிக மதிப்பெண், இரண்டு சொல் எழுதினால் பாதி என்று. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியனை விளிக்கும் முதல் விளி இரண்டே சொல்: ‘தேரா மன்னா’. அதற்குள்ளேயே குற்றச்சாட்டும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது: நீ ஆராயாதவன். பொற்கொல்லன் சொன்னதைச் சோதிக்காமல் ஏற்றதே அவன் செய்த பிழை. அடுத்து அவள் சிலம்பை உடைக்கிறாள். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். விளியில் சொன்னதைப் பரல் நிறுவுகிறது. அந்த இரண்டு சொல்லை மட்டும் மேற்கோளாக எடுத்து, மீதியைச் சொந்த நடையில் சொல்லி, காதை முழுவதையும் ஒரு மாணவர் விளக்கிவிட முடியும். காதையிலிருந்து ஒரு பத்தியை அப்படியே எழுதி, ‘இதன்மூலம் கண்ணகியின் வீரம் புலப்படுகிறது’ என்று முடிப்பவரைவிட அவர் அதிகம் படித்தவர். ஆனால் நம் திருத்தும் முறையில் யாருக்கு அதிக மதிப்பெண் கிடைக்கும் என்று சொல்வது கடினம்.

அறிஞர் கூற்றை அடுக்கும் பழக்கம் கல்லூரிக்கு வந்தபின் சேர்கிறது. மு.வ. இப்படிச் சொன்னார், தெ.பொ.மீ. அப்படிச் சொன்னார், ரசிகமணி இப்படி ரசித்தார். பாட்டைப் பற்றிய கேள்விக்கு, பாட்டைப் படித்தவர்களைப் பற்றிய விடை. அவர்களோடு ஓரிடத்திலாவது உடன்படாமல் எழுதிய விடைத்தாள் கிடைத்தால் அந்த ஆசிரியர் கொடுத்துவைத்தவர்.

இவ்வளவு சொன்ன பிறகும் மனப்பாடத்தை இகழ இந்தக் கட்டுரைக்கு மனம் வராது. புத்தக அலமாரி இல்லாத வீடுகள் அரியமங்கலத்திலும் காட்டூரிலும் திருவெறும்பூரிலும் உண்டு. வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளைக்கு, நெஞ்சில் ஏறிய நூறு குறள் எவரும் பறிக்க முடியாத சொத்து. குறிப்புதவி நூல்களும் அப்படித்தான். தமிழ்நாடு முழுவதும் ‘கோனார் நோட்ஸ்’ என்று அறியப்பட்ட உரை, திருச்சி தூய வளனார் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஐயன்பெருமாள் கோனார் எழுத, இதே திருச்சியின் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்டது. சொற்பொருள், விளக்கம், இலக்கணக் குறிப்பு என்று வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத லட்சக்கணக்கானவர்களுக்குப் பாட்டைத் திறந்து காட்டியது. வரியைப் புரிந்துகொள்ள உதவிய உரையை, வரியை ஒப்பிக்க உதவும் கருவியாகப் பயன்படுத்தியது தேர்வுக்குத் தயாராகும் முறையின் குறை. உரையில் குறை இல்லை.

அந்த முறை பள்ளியோடு நிற்பதும் இல்லை. டி.என்.பி.எஸ்.சி. பொதுத்தமிழ்ப் பாடத்திட்டத்தில் கம்பராமாயணம் போன்ற தலைப்புகளுக்குப் பக்கத்தில் ‘மேற்கோள்கள்’, ‘சிறந்த தொடர்கள்’ என்ற சொற்கள் பல ஆண்டுகள் இருந்தன. கொள்குறி வினாவில் வரியைக் கண்டால் நூலைச் சொல்ல வேண்டும், அவ்வளவே. கடைசிப் பயன் அதுதான் என்றால் ஏழாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் அதற்குத்தான் தயாராவார்கள்.

வெளிநாட்டிலும் இந்த இழுபறி உண்டு. இங்கிலாந்தில் 2015இல் திருத்தி அமைக்கப்பட்டு 2017இல் முதல் தேர்வு நடந்த ஜி.சி.எஸ்.இ. ஆங்கில இலக்கியத் தாளுக்கு நூலைக் கொண்டுபோக அனுமதி இல்லை. ஷேக்ஸ்பியர் வரிகளை அட்டையில் எழுதி உருப்போடும் பழக்கம் அங்கேயும் பெருகியது. ஆனால் அந்தத் தேர்வின் மதிப்பீட்டு நோக்கத்தில் ஒரு விவரம் கவனிக்கத் தக்கது. தன் விளக்கத்துக்குத் துணையாக நூலிலிருந்து குறிப்புகளைத் தர வேண்டும், மேற்கோள் அவற்றில் ஒன்று என்கிறது அது. வரி நினைவில் இல்லாவிட்டால் நிகழ்ச்சியை, காட்சியை, சொல்லாட்சியைத் தன் நடையில் சுட்டினாலும் சான்றாகும். நம் விடைத்தாளில் ஒரு மாணவர் ‘கும்பகருணன் மந்திராலோசனையில் அண்ணனைக் கண்டித்ததை நினைக்க வேண்டும்’ என்று எழுதினால் அதை மேற்கோளுக்கு இணையாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அதை விதியாக்குவதுதான் பாக்கி.

பாட்டை வினாத்தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நயம் பாராட்டும் வினாவுக்குப் பாட்டு அச்சிட்டுத்தான் தரப்படுகிறது. விடை என்ன வருகிறது? திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை என்று தலைப்புகள். மோனைக்கு இரண்டு சொல், எதுகைக்கு இரண்டு சொல், ஒவ்வொன்றுக்கும் இலக்கண வரையறை. மேற்கோள் பிழையில்லாமல் இருக்கிறது. அந்த எதுகை பாட்டுக்கு என்ன செய்தது என்ற வரி மட்டும் இல்லை. நன்னூல் எண்ணிய பத்துக் குற்றங்களில் கடைசியானது நின்று பயன் இன்மை. அந்த எதுகைப் பட்டியலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

வியப்பு என்னவென்றால், இதற்கு மருந்து நம் வினாத்தாளிலேயே நெடுங்காலமாக இருக்கிறது. ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்ற சிறுவினாவை எல்லோரும் எழுதியிருக்கிறோம். தொடர் எந்த நூலில், யார், எப்போது, யாரிடம் சொன்னது என்று இடம் காட்ட வேண்டும், பொருள் சொல்ல வேண்டும், விளக்க வேண்டும். சின்ன மதிப்பெண்ணுக்குக் கேட்கப்படும் இந்த ஒழுங்கை நெடுவினாவில் நாம் கேட்பதே இல்லை. அங்கே இடமும் போய்விடுகிறது, விளக்கமும் போய்விடுகிறது, கறுப்பு மையில் வரி மட்டும் நிற்கிறது. சிறுவினாவுக்கு எழுதியதையே நெடுவினாவுக்குள் மூன்று வாக்கியமாக எழுதப் பழக்கினால் போதும். யார் பேசுகிறார் என்று மேற்கோளுக்கு முன்னால் ஒரு வரி. மேற்கோள், வேண்டிய அளவு. அதில் எந்தச் சொல் தன் கருத்தை நிறுவுகிறது என்று பின்னால் ஒரு வரி.

பின்னால் வரும் அந்த வரிக்கு மதிப்பெண் ஒதுக்காத வரை எந்த அறிவுரையும் பிள்ளைகளிடம் எடுபடாது. மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கே அவர்கள் போவார்கள். அது அவர்கள் குற்றமும் இல்லை. ஆகவே விடைக்குறிப்பு தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நெடுவினாவின் 8 மதிப்பெண்ணில் மேற்கோளுக்கு அடுத்த வரிக்கு 2 மதிப்பெண் என்று குறிப்பில் தனியே எழுதுங்கள். வரி நினைவில்லாமல் நிகழ்ச்சியைச் சரியாகச் சுட்டியவருக்கும் அதே மதிப்பெண் உண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவர்கள் தமிழாசிரியர்கள். வரும் அரையாண்டுத் தேர்விலேயே தங்கள் வகுப்பு அளவில் இதைத் தொடங்கிவிடலாம்.